முள் இல்லாத செடி

எதிர்வீட்டு ரூபேந்திரன் மேல் வாசுகிக்கு இருந்தது சாதாரணக் கோபம் இல்லை. சாதாரணக் கோபமாக இருந்தால் வாசலில் நின்று நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருப்பாள். திட்டுவதில் அவளுக்கு ஈடு அந்தத் தாமான் குடியிருப்பில் மட்டுமல்ல, கூலாய் ஊர் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. செனாய் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஒரு வரிசைப் பெண்களையே கண்ணால் அதட்டி வேலை வாங்கி ஓய்வு பெற்றவள். அப்படிப்பட்டவள் வாயை மூடிக்கொண்டு, அவனைப் பார்க்கிற போதெல்லாம் "என்ன தம்பி, சாப்டாச்சா?" என்று சிரித்த முகமாகக் கேட்டாள் என்றால், விஷயம் எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அவன் அவளுடைய முள்ளுப்பூச் செடிகளைக் கொன்றவன்.

முள்ளுப்பூ கள்ளி இனம். தண்டு முழுக்க முள், கிள்ளினால் பால், உச்சியில் கொத்துக் கொத்தாகப் பூ. மற்றவர்கள் அதை நர்சரியில் வாங்கி வைப்பார்கள். வாசுகி விதையிலிருந்து உண்டாக்குவாள். ஒரு பூவின் மகரந்தத்தைப் பல் குத்தும் குச்சியில் தொட்டு இன்னொரு பூவில் தடவுவாள். காய் பிடித்தால் அதற்குப் பழைய காலுறைத் துண்டு ஒன்றைக் கட்டிவிடுவாள். கட்டாவிட்டால் காய் முற்றியதும் பட்டென்று வெடித்து, விதை சாக்கடையில் போய் விழும். உமிக்கரியும் ஆற்று மணலும் உடைத்த செங்கல்லும் கலந்த மண்ணில் போட்டு, ஜொகூர் மழை மேலே விழாமல் கூரை போட்டு, முளை வந்ததும் வீட்டுக்குப் புதுக் குழந்தை வந்ததுபோல அலைவாள். இப்படி வருஷக்கணக்காகப் பாடுபட்டதில் ஒரே ஒரு செடி அவள் நினைத்த மாதிரி பூத்தது. முழுசாகப் பழுக்காத ஜம்புப் பழத்தின் நிறம். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. அந்த நிறம் வேறு யாரிடமும் இல்லை. உலு திராமில் நர்சரி வைத்திருக்கும் மூர்த்தி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு கிளைகூட வெட்ட விடாமல், இன்னும் கொஞ்சம் தடிக்கட்டும் என்று வாசுகி காத்திருந்தாள். அந்தக் காத்திருப்புதான் அவளுக்கு வினையாகப் போயிற்று.

ரூபேந்திரனுக்கு அந்த வருஷம் தொட்டதெல்லாம் துலங்கவில்லை. சிங்கப்பூர் வேலை போனது. மோட்டார் சைக்கிளில் வந்தவனைக் கார் இடித்தது. யாரோ ஒரு குறி சொல்கிறவன், தலைவாசலுக்கு நேரே முள் இருக்கிறது, அதுதான் குடும்பத்தைக் குத்துகிறது என்று ஓதிவிட்டான். எதிரே பார்த்தால் வாசுகி வீட்டு வேலி நெடுக முள். அவளிடம் வந்து கேட்டிருந்தால் தொட்டிகளைத் திருப்பி வைத்திருப்பாளோ என்னவோ, திட்டிவிட்டாவது திருப்பியிருப்பாள். அவன் கேட்கவில்லை. அவள் சிங்கப்பூரில் மகள் லோஷினி வீட்டுக்குப் போயிருந்த வாரக் கடைசியில் காரியத்தை முடித்துவிட்டான்.

திரும்பி வந்த வாசுகி கேட்டைத் திறந்ததுமே மூக்கைச் சுருக்கினாள். எஸ்டேட்டில் பிறந்தவளுக்குக் களை கொல்லும் புல்லு மருந்து வாடை தெரியாதா? தண்டெல்லாம் வெந்த கத்தரிக்காயாகத் துவண்டு கிடந்தன. ஜம்பு நிறப் பூ கருகித் தொட்டியிலேயே உதிர்ந்திருந்தது. தப்பிய பாகம் ஏதாவது இருக்குமா என்று அந்தச் செடியைத் துண்டு துண்டாக நறுக்கிப் பார்த்தாள். உள்ளே நடுத்தண்டு வரை பழுப்பு. தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

இதையாவது அவள் ஒருநாள் மன்னித்திருக்கக்கூடும். மன்னிக்க முடியாதது அடுத்து நடந்தது. தாமான் கூட்டுத் துப்புரவு நாளில் எல்லோர் முன்னாலும், நீதானே மருந்து அடிச்சே என்று அவள் கேட்டதற்கு, ரூபேந்திரன் இரக்கப்படுகிறவன் மாதிரி தலையை ஆட்டினான்.

"அக்கா, நீங்க தண்ணிய ஊத்து ஊத்துன்னு ஊத்திட்டீங்க. கள்ளிக்கு அவ்ளோ தண்ணி ஆவாது. அழுகிப்போச்சு லா."

சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். மூன்றாம் வீட்டு ராசம்மா, "வயசாச்சில்ல வாசுகி, மறந்து மறந்து ரெண்டு தடவ ஊத்தியிருப்ப" என்று ஆறுதல் வேறு சொன்னாள். கள்ளிக்குத் தண்ணீர் ஊற்றத் தெரியாதவள் என்று வாசுகியைப் பார்த்துச் சொல்வதும், பெற்ற பிள்ளைக்குச் சோறு போடத் தெரியாதவள் என்று சொல்வதும் ஒன்றுதான்.

"அப்படின்னா கோயில்ல வந்து சூடம் அணைச்சு சத்தியம் பண்ணு" என்றாள்.

பண்ணினான். முனியாண்டி சன்னதியில் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "நான் செய்யல" என்றான். அன்றைக்கு வாசுகி முடிவு பண்ணினாள்: இவன் வாயாலேயே, உரக்க, நான்தான் கொன்றேன் என்று சொல்ல வைக்க வேண்டும். அதற்கு முன்னால் இவன் கதற வேண்டும். சாமி கேட்காவிட்டால் போகிறது, தானே கேட்டுக்கொள்வாள்.

வழி தானாக வந்தது. எதிர்ப்பக்கத்து முள் ஒழிந்த பிறகு ரூபேந்திரனுக்கு வேலை கிடைத்துவிட்டது. மனைவி விஜிதாவும் ஒரு கிளினிக்கில் சேர்ந்தாள். பார்த்தாயா, முள்தான் காரணம் என்று அவனுக்கு உறுதியாகிவிட்டது. இனி வாசலில் சிவப்பாக, மங்களமாக ஏதாவது வைக்கலாம் என்று மூர்த்தியின் நர்சரிக்கு வந்தான். அன்றைக்கு வாசுகியும் அங்கே இருந்தாள்.

"முள்ளு மட்டும் இருக்கக்கூடாது அண்ணே" என்று மூர்த்தியிடம் மூன்று தடவை சொன்னான். ஒவ்வொரு செடியையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தான். கடைசியில் திருகுக்கள்ளி முன்னால் நின்றுவிட்டான். இலை இல்லை, முள் இல்லை. பென்சில் பென்சிலாகக் குச்சி, வெயில் பட்ட நுனியெல்லாம் நெருப்புச் சிவப்பு. வழவழவென்று இருந்ததும் அவனுக்கு மனசு நிறைந்துவிட்டது. முள்ளைத் தேடுகிற கண்ணுக்குப் பால் எங்கே தெரியப்போகிறது? கள்ளிகளிலேயே அதன் பால்தான் பொல்லாதது. கண்ணில் ஒரு சொட்டுப் பட்டால் போதும்.

செடிகளை வண்டியில் ஏற்றும்போது மூர்த்தி வாசுகியைத் தனியாக அழைத்தார். "ஆள் ரொம்ப அவசரத்துல இருக்கான். வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் போடணும், பால் கண்ணுல படக்கூடாது. நல்லா எடுத்துச் சொல்லணும்."

"நான் எதுத்த வீடுதானே அண்ணே. நானே சொல்லிக்கிறேன்" என்றாள் வாசுகி.

சொல்லவில்லை.

ஆனால் மற்றதையெல்லாம் சொன்னாள். அதுதான் வேடிக்கை. எந்த எதிரியும் எந்த எதிரிக்கும் இவ்வளவு நல்ல புத்தி சொல்லியிருக்க மாட்டான். மண்ணில் மணல் கூட்டு என்றாள். தொட்டிக்கு அடியில் ஓட்டை பெரிசாக்கு என்றாள். மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்று, மழைக்காலத்தில் ஊற்றவே ஊற்றாதே, வெயில் படப்படத்தான் சிவக்கும் என்றாள். எதையும் ஒளிக்கவில்லை, பாலைத் தவிர. அவன் கேட்டபடி செய்தான். செடி தளதளவென்று வளர்ந்தது. தினமும் காலையில் காப்பிக் கோப்பையோடு தன் வெறும் வேலி ஓரம் வந்து நின்று, எதிர் வாசலில் அது எவ்வளவு தடித்திருக்கிறது என்று பார்ப்பாள். புதுக் கிளை விட்டிருந்தால் அன்றைக்குக் காப்பி கொஞ்சம் கூடுதலாக இனிக்கும். வளரட்டும். வளர்ந்தால்தானே வெட்டுவான்.

"அக்கா கை ராசி" என்று ரூபேந்திரன் ஒருநாள் சாலையிலிருந்தே கத்தினான். "பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காம சொல்லிக் குடுக்கிறீங்க பாருங்க!"

"அதெல்லாம் நான் அப்பவே மறந்துட்டேன் தம்பி" என்றாள்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை அது நடந்தது. திருகுக்கள்ளி கார் நிறுத்துகிற இடம் வரை சாய்ந்துவிட்டது. விஜிதா வேலைக்குப் போயிருந்தாள். ரூபேந்திரன் அரைக்கால் சட்டையும் பனியனுமாகப் பாராங்கத்தியோடு வந்தான். வெறுங்கை. வாசுகி காப்பியைக் கீழே வைத்தாள். இப்போதாவது கூப்பிட்டுச் சொல்லலாம் என்று ஒரு எண்ணம் வந்தது உண்மை. உடனே, தண்ணிய ஊத்து ஊத்துன்னு ஊத்திட்டீங்க என்ற குரல் காதில் கேட்டது. வாசல் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெட்டின இடமெல்லாம் வெள்ளையாகப் பீறிட்டது. அவன் அதைப் பொருட்படுத்தவே இல்லை. வெயில் ஏறியது, நெற்றியில் வேர்வை வழிந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்தான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை துடைத்தான்.

"அம்மா!" என்று அவன் போட்ட சத்தத்தில் தெருநாய் எழுந்து ஓடியது.

வாசுகி சாலையைக் கடந்தாள். ஓடவில்லை, நடந்தாள். அவன் இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டு தரையில் உருண்டான். குழாயைத் தேடித் தேடிச் சுவரைத் தடவினான். ரப்பர்க் குழாய் அவன் காலடியில்தான் கிடந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டாள்.

"யாரு? அக்காவா? அக்கா, எரியுதுக்கா! தண்ணி! தண்ணி ஊத்துங்க!"

"ஊத்துறேன். என் செடிய யாரு கொன்னது?"

"அக்கா, கண்ணு போச்சுக்கா!"

"யாருன்னு கேட்டேன்."

"நான்தான்! நான்தான்கா!"

"எனக்குக் காது கேக்கல."

"நான்தான் புல்லு மருந்து அடிச்சேன்! நான்தான் கொன்னேன்!" தெருவே அதிர்ந்தது. ராசம்மா கேட்டருகே ஓடிவந்து அப்படியே நின்றுவிட்டாள்.

"தண்ணி ஊத்தி அழுகலன்னு சொல்லு."

"அழுகல! அக்கா நல்லாத்தான் வளத்தாங்க! நான்தான்... அக்கா!"

வாசுகி குழாயைத் திறந்தாள். இதற்காகத்தான் இத்தனை மாதம் காத்திருந்தாள், கேட்கவும் கேட்டுவிட்டாள். குளிர்ந்த ஒரு சந்தோஷம் உச்சி முதல் கால் வரை இறங்கியது. அதை இல்லை என்று மறைப்பதில் பயனில்லை. அதோடு கூடவே அவள் கை அதன் வேலையைச் செய்தது. அவன் தலையைத் தன் மடியில் சாய்த்து, இமையை விரலால் பிரித்துப் பிடித்து, மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் ஓடவிட்டாள். அவன் திமிறத் திமிற விடாமல் ஊற்றினாள். ராசம்மாவின் மகன் கார் எடுத்து வரும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

உடனே விடாமல் கழுவியதால்தான் பார்வை பிழைத்தது என்று டாக்டர் சொன்னாராம். தாமான் முழுக்க இரண்டு கதை ஓடியது. வாசுகி தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு விசாரணை நடத்தினாள் என்று ஒன்று. எதிரி என்றும் பாராமல் கண்ணைக் காப்பாற்றினாள் என்று இன்னொன்று. இரண்டையும் ராசம்மாவே சொல்லிக்கொண்டு திரிந்தாள். வாசுகி ஒன்றையும் மறுக்கவில்லை.

தீபாவளி கழிந்து ரூபேந்திரன் கறுப்புக் கண்ணாடியோடு வந்தான். விஜிதா கையைப் பிடித்து வாசல் கேட் வரை கொண்டு வந்து விட்டாள். அவன் மட்டும் உள்ளே வந்தான். கையில் ஒரு முறுக்கு டின்.

"மன்னிச்சிருங்கக்கா. சூடத்த அணைச்சுப் பொய் சொன்னேன், சாமி கண்ணுலயே குத்திருச்சு. நீங்க மட்டும் இல்லன்னா..."

சாமி குத்தியதாம். வாசுகிக்குச் சுருக்கென்று ஏறியது. இத்தனை மாத உழைப்பு, அதற்கும் வேறொருவர் பேர் வாங்கிக்கொண்டு போவதா?

"சாமி இல்ல. நான்" என்றாள். "அந்தப் பால் கண்ணுக்கு ஆவாதுன்னு உன்கிட்ட சொல்லச் சொல்லி மூர்த்தி அண்ணன் என்கிட்டத்தான் சொன்னாரு. வேணும்னேதான் சொல்லல. நீ வெட்டுற நாளுக்காக உக்காந்திருந்தேன்."

அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். கண் இரண்டும் பொங்கிச் சிவந்திருந்தன. அவளை உற்றுப் பார்க்க முயன்றான். கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தினால் பதிலுக்குக் கத்த எல்லாம் தயாராக இருந்தது. அவன் பெருமூச்சு விட்டான்.

"சரிக்கா. நான் செஞ்சேன், நீங்களும் செஞ்சீங்க. சரிக்குச் சரியாப் போச்சு. இதோட விட்டுருவோம்."

முறுக்கு டின்னை அவள் பக்கம் நீட்டினான். வாசுகி அதை வாங்கவில்லை. அந்தச் சிவந்த கண்கள் தன்னைத் தேடித் தேடி, மெல்ல மெல்ல அடையாளம் கண்டுகொள்வதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எப்படி தம்பி சரியாவும்?" என்றாள். "உன் கண்ணு பொழைச்சிருச்சு. என் செடி பொழைக்கலியே."