தளம் போட்ட வியாழக்கிழமை

வியாழக்கிழமை பதினொன்று இருபதுக்குப் பூங்காவனத்தின் கருப்பை திறக்கும், நான்கு நிமிடம் திறந்திருக்கும் என்று ஆஸ்பத்திரிச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். தாமதமாக வரும் கரு அனுமதிக்கப்படாது என்று கீழே இருந்தது.

பூங்காவனம் சித்தாள். கட்டடத்தில் கலவை சுமப்பவள். புருஷன் தனக்கோட்டி கம்பி கட்டுபவன். பதினோரு வருஷத்தில் ஊராருக்கு அறுபது வீடு எழுப்பிவிட்டார்கள். தங்கள் வீட்டில் ஒரு தொட்டில் கொக்கிக்கு வேலை வரவில்லை. இரண்டு முறை வைத்த கரு கதவு வரை வந்து திரும்பிப் போய்விட்டது. மிச்சம் லேபில் வளர்த்தது ஒன்றே ஒன்று. அதற்கு இன்று ஐந்தாம் நாள்.

டாக்டரம்மா ஸ்கேன் பார்த்தார். “உள் சவ்வு எட்டு எம்.எம். நல்லாருக்கு.”

“எட்டு பத்தாதும்மா,” என்றான் தனக்கோட்டி. “அது தூணுக்கு ரிங்கு கட்டுற கம்பி. தளத்துக்குப் பத்தாவது வோணும்.”

டாக்டரம்மா யோசித்தார். “எங்க ஆஸ்பத்திரி இன்ஜினியர் ஒத்துக்கிட்டாரே.”

“அப்ப சரி.”

கரு வைக்கும்போது மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். பூங்காவனம் ஒரு குடம் குடித்திருந்தாள். வராந்தாவில் காத்திருந்த முப்பது பெண்களும் குடித்திருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் ஆபத்து.

கருவை எடுத்துக்கொண்டு நர்ஸ் எஸ்தர் ஒன்பது மணிக்கே லேபிலிருந்து கிளம்பிவிட்டாள். ஆனால் வியாழக்கிழமைகளில் வராந்தா நீளும். பதினொன்று பத்துக்கு அவள் கடுகளவு தெரிந்தாள். நடக்க நடக்க அவளுக்கு முன்னால் தரை முளைத்தது.

“சிஸ்டர், ஓடியாங்க!” என்று கத்தினான் தனக்கோட்டி.

“ஓடுனா இன்னும் நீளுது!” குரல் மட்டும் இரண்டு நிமிடம் கழித்து வந்து சேர்ந்தது.

பூங்காவனம் அண்ணாந்து கடிகாரத்தைப் பார்த்தாள். தளம் போடுகிற நாளில் யாரும் நடப்பதில்லை. நடந்தால் கலவை இறுகிவிடும். வரிசையாக நின்று சட்டியைக் கை மாற்றுவார்கள்.

“எழுந்திரிங்கடி!” என்று கத்தினாள். “கைக்குக் கை! ஒருத்தியும் நடக்கக் கூடாது!”

முப்பது பேரும் வரிசை கட்டினார்கள். யாரும் நடக்காததால் வராந்தாவுக்கு நீளத் தெரியவில்லை. ஆள் போதாத இடத்தில் சுவர்ப் படத்துக் குண்டுக் குழந்தைகள் கை நீட்டின. எஸ்தர் கையிலிருந்து கருவோடு கண்ணாடித் தட்டு பறந்தது.

“வாங்கு!”

“குடு!”

“சாய்க்காதடி, அவ புள்ள!”

“எனக்குத் தெரியாதா? உன் வேலையப் பாரு!”

பதினொன்று இருபத்து மூன்றுக்குத் தட்டு தனக்கோட்டி கைக்கு வந்தது. கம்பி வளைத்த கையால் ஏந்திக்கொண்டான். உள்ளே எட்டிப் பார்த்தான்.

“ஏமே, ஒண்ணுமே தெரியலியே.”

“தெரிஞ்சா அது புள்ள. இப்ப கருதான். உள்ள குடுய்யா!”

பூங்காவனம் கட்டிலில் படுத்தாள். டாக்டரம்மா கருவை வைத்தார். கருப்பைக் கதவு சாத்திக்கொண்டது. எல்லாரும் காதைத் தீட்டினார்கள். உள்ளே யாரோ பாயை உதறி விரிக்கும் சத்தம் கேட்டது.

“பதினாலு நாள் கழிச்சுப் பாக்கலாம்,” என்றார் டாக்டரம்மா.

“தளத்துக்கும் அதாங்க. அதுவரிக்கும் முட்டு பிரிக்க மாட்டோம்.” தனக்கோட்டி கட்டிலுக்கு அடியில் நான்கு சவுக்குக் கழியை முட்டுக் கொடுத்தான்.

தளம் போட்ட அன்று ஆளுக்கு ஒரு பிரியாணி உண்டு. டாக்டரம்மா பொட்டலம் கொடுத்து வந்தார். தனக்கோட்டி வாங்கவில்லை. தலையில் கை வைத்து நின்றான்.

“இன்னாய்யா?”

“தொட்டில் கொக்கிய மறந்துட்டேன்மே. கான்கிரீட்டுக்கு முன்னாடியே வுட்டுருக்கணும்.”

பூங்காவனம் சிரித்துவிட்டாள். முப்பது பேரும் சிரித்தார்கள். ஆபத்து தரையெல்லாம் ஓடியது. உள்ளே பாய் விரித்த கரு மட்டும் அசையவில்லை.