விசிறியை நிறுத்த ஒரு வீட்டுச் சாமான்

மிக்ஸி மெக்கானிக்கின் மானம், மின்விசிறியின் சுவிட்சில் ஊசலாடிக்கொண்டிருந்தது.

ஹால் முழுக்க அவன் கட்டிய தொடர் இயந்திரம். அதற்கு ஒரே வேலைதான்: மின்விசிறியை அணைப்பது. விரலை நீட்டினால் முடிகிற காரியம். அதற்காக மனைவியின் சமையலறையைப் பாதி காலி செய்திருந்தான்.

"இன்னிக்கு அப்பா வர்றாரு. அவர் கண் முன்னாடி ஓடினா இருந்துட்டுப் போகட்டும்," என்று மனைவி கெடு வைத்திருந்தாள். "ஓடலேன்னா கரண்டியிலேர்ந்து கர்ட்டன் கம்பி வரைக்கும் எல்லாம் அதது இடத்துக்குப் போயிடணும். அப்புறம் கப்பி, கயிறுன்னு வாயே திறக்கக் கூடாது."

சமையலறைச் சுவருக்குப் பின்னால் மச்சான் நின்றான். கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில், கப்பியில் தொங்கும் மாவு டின்.

"நான் 'விடு'ன்னு சொல்வேன். அப்பத்தான் கையை எடுக்கணும்."

"தும்மல் வந்தா, அத்தான்?"

"முழுங்கு."

மாமனார் வந்தார். ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர். கண்ணால் பார்க்காத எதையும் நம்பாதவர். கைத்தடியை ஊன்றி நாற்காலியில் அமர்ந்து ஹாலை ஒரு சுற்று பார்த்தார்.

"வீடு மாத்துறீங்களா, மாப்பிள்ளை?"

"இல்ல மாமா. இது கப்பி, அது சாய்தளம், அந்தக் கரண்டி நெம்புகோல். கடைசியில ஃபேன் நின்னுடும்."

"எழுந்து போய் அணைச்சா நிக்காதா?"

"அதைத்தான்ப்பா நானும் கேக்குறேன்!" மனைவியின் குரல் உடைந்தது. "கரண்டி இல்லாம டம்ளரை விட்டுக் கிண்டிச் சமைக்கிறேன்ப்பா!"

மாமனார் நாற்காலியோடு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் பக்கம் திரும்பினார். இயந்திரத்துக்கு முதுகு. அவள் கண்ணைத் துடைத்தார்.

"அழாதேம்மா. விடு."

டமால்!

சமையலறையில் டின் விழுந்தது. கயிறு இழுக்க, இஸ்திரிப் பலகை சாய்ந்தது. டம்ளர் உருண்டு ஓடி முதல் புத்தகத்தை மோத, புத்தகங்கள் வரிசையாகச் சரிந்தன.

"மாமா! அங்க பாருங்க!"

"பொண்ணு அழுதுட்டு இருக்கா, சுவத்தைப் பாக்கச் சொல்றீங்களே!"

கடைசிப் புத்தகம் கரண்டியின் காம்பில் விழுந்தது. கரண்டி எம்பிச் சுவிட்சைத் தட்டியது.

விசிறி நின்றது.

மாமனார் கழுத்து வியர்வையைத் துடைத்தபடி அண்ணாந்து பார்த்தார். "அடடா, கரண்ட் போயிடுச்சு."

"போகல மாமா! மெஷின்தான் அணைச்சுது!"

"எந்த மெஷின்? நான் பாக்கலையே."

உள்ளேயிருந்து மச்சான், "சரியா விட்டேனா, அத்தான்?" என்றான். மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டான். எல்லாம் போச்சு.

மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். சுவிட்ச் இருந்த சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் அவள் ஒருத்திதான். நேரே போய்ச் சுவிட்சைப் போட்டாள். விசிறி சுற்றியது.

"ஆங், வந்துடுச்சு," என்றார் மாமனார்.

அவ்வளவுதான். அவளுக்கு எங்கிருந்து வந்ததோ அந்த ஆவேசம்.

"அப்பா! கரண்ட் போகவும் இல்ல, வரவும் இல்ல. அணைச்சது என் கரண்டி! என் கண்ணால பார்த்தேன்!"

"மாப்பிள்ளையை விட்டுக்கொடுக்க மாட்டியே நீ!"

"தம்பி, டின்னை மேல ஏத்து! ஏங்க, சிலை மாதிரி நிக்காம புத்தகத்தை அடுக்குங்க. சாய்மானம் இன்னும் கொஞ்சம் வேணும். அப்பா, அந்தக் கைத்தடியைக் குடுங்க."

"அது இல்லாம நான் எப்படிம்மா எழுந்திரிக்கிறது?"

"எழுந்திரிக்கவே வேண்டாம்ப்பா," என்று தடியைப் பிடுங்கினாள். "அதுக்குத்தானே மெஷின்!"