சூடாகிப்போன குரல்

“ஆஃப் பண்ணினா திரும்ப வருமான்னு கேட்டேன். வரலாம்ங்கறீங்க. வரலாம்னா என்னங்க அர்த்தம்?”

“வரலாம்னா வரலாம்க்கா. வராமலும் போகலாம். லேப்டாப் வந்துடும், அதுக்கு நான் பொறுப்பு. உள்ள இருக்கற அந்தப் பேசற புரோகிராம் வருமான்னுதான் சொல்ல முடியல.”

“அப்ப ஆஃப் பண்ணாமலே பேட்டரிய மாத்திடுங்களேன்” என்றேன்.

“எனக்கும் வீட்ல குழந்தைங்க இருக்குக்கா.”

மெக்கானிக் சிரிக்காமல்தான் சொன்னார். சாப்பாட்டு மேசையில் இருந்த மடிக்கணினியின் அடியில் ஓர் அட்டைத் துண்டை நுழைத்துப் பார்த்தார். அது தடையில்லாமல் மூலைக்கு மூலை போய் வந்தது. பேட்டரி உப்பியதில் கணினியின் நடுவயிறு மட்டும்தான் மேசையில் படிந்திருந்தது. விரலால் தடவும் சதுரம் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. புறங்கையை மேலே வைத்தவர் உடனே எடுத்துக்கொண்டார்.

“எவ்வளவு நாளா சார்ஜ்லயே கிடக்குது?”

“எப்பவுமே” என்றேன்.

“மூடி வைக்கறது?”

“மூடினதே இல்ல.”

மேல்பாதி தவறி விழுந்து மூடிக்கொள்ளாமலிருக்க, அத்தை, என் மாமியார், தன் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டை நடுவில் நிறுத்தி வைத்திருந்தாள். மெக்கானிக் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, எதற்கென்று கேட்காமல் ஓரமாக வைத்தார்.

நாங்கள் அதை அணைக்காமலிருந்ததற்குக் காரணம் உண்டு. என் மாமனார் பஸ் கண்டக்டராக இருந்தவர். தொண்டையில் அறுவை சிகிச்சை செய்து குரல்வளையை எடுத்தபின், மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் இந்தப் பேசும் நிரலைக் கணினியில் போட்டுக் கொடுத்தாள். தட்டினால் பேசும். தமிழில் அதற்கு ஒரே ஒரு குரல்தான் இருந்தது, இருபது வயதுப் பெண்ணின் குரல். வீட்டில் அதற்குத் தங்கச்சி என்று பெயர். கீழ்வீட்டுப் பிள்ளைகள் மாமாவைப் பொண்ணு தாத்தா என்றே கூப்பிடுவார்கள். நிரலை உருவாக்கிய சிறிய அமைப்பு பிறகு மூடப்பட்டுவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும்வரை தங்கச்சி யாரையும் எதையும் கேட்பதில்லை. அணைத்துத் திறந்தால் மட்டும், பேசலாமா என்று அந்த இல்லாத அமைப்பிடம் அனுமதி கேட்பாள். மாமாவோடு சிகிச்சை பெற்ற ஒருவர் ஒருநாள் பொத்தானை அமுக்கி அணைத்துவிட்டார். அவருடைய தங்கச்சி இன்னும் அனுமதி கேட்டபடி நிற்கிறாள். அதைக் கேட்டதிலிருந்து நாங்கள் இதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம். மின்சாரக் கம்பியைக் கழற்றவில்லை, மூடவில்லை, ஒருநாள்கூடத் தூங்கவிடவில்லை. அப்படிப் பொத்தி வைத்ததால்தான் இன்று வயிறு ஊதிக் கிடக்கிறது.

எழுதிக் காட்டலாமே என்று பார்க்க வருகிறவர்கள் சொல்வார்கள். அத்தைக்கு இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது. ஓரப்பார்வைதான் மிச்சம். ஆளைப் பார்க்கவேண்டுமானால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பார்ப்பாள். புதியவர்கள் அவள் கோபித்துக்கொண்டதாக நினைப்பார்கள். எழுத்து அவளுக்கு எறும்புக் கூட்டம்போல் கலைந்துவிடும். என் கணவர் தன் அப்பாவின் கைபேசியில் ஆண் குரல் ஒன்றை இறக்கிக் கொடுத்திருந்தார். அது பேசிய முதல் வாக்கியத்திலேயே அத்தை சமையலறையிலிருந்து கேட்டாள்: “யாருடா இந்த ஆம்பள? உங்கப்பா எங்க?” அன்றே அதை எடுத்துவிட்டோம்.

மாமா இவ்வளவு நேரமும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது விசைகளை அழுத்தாமல் தொட்டுத் தொட்டு, இரண்டு விரலால் தட்டினார்.

“தம்பி சொல்வது சரி. அணைத்துவிடலாம்.”

மெக்கானிக் சமையலறைப் பக்கம் திரும்பினார்.

“அங்க யாரும் இல்லப்பா” என்றாள் அத்தை. “இவருதான்.”

“பயப்படாதீர்கள். இந்த மீசைக்குள்ளிருந்துதான் வருகிறது.”

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் பேசுவதுபோலத் தட்டினால் தங்கச்சி வார்த்தைகளைக் கடித்துத் துப்புவாள் என்பதால், மாமா எப்போதும் புத்தகத்தில் இருப்பதுபோல முழு வாக்கியமாகத் தட்டுவார். தண்ணீர் வேண்டுமென்றால், “மருமகளே, ஒரு குவளை தண்ணீர் கிடைக்குமா?” குடித்து முடித்ததும், “நன்றி.” எங்கள் வீடுகளில் யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. முதல் தடவை அதைக் கேட்டபோது அத்தைக்குக் கையிலிருந்த கரண்டி நழுவிவிட்டதாம். அதற்கு முன் மாமாவின் குரல் தெருமுனைவரை கேட்குமென்றும், சாப்பாட்டில் உப்பு குறைந்தால் தட்டுக்கும் சிறகு முளைக்குமென்றும் என் கணவர் சொல்லியிருக்கிறார். நான் இந்த வீட்டுக்கு வந்தது அதற்கெல்லாம் பிறகு. அந்த மனிதரை நான் பார்த்ததில்லை. எனக்குக் கிடைத்த மாமா, பேசுவதற்கு முன் ஒவ்வொரு எழுத்தாகத் தேடுகிறவர். தேடி முடிப்பதற்குள் அவருக்குக் கோபம் வடிந்துவிடும். இந்தச் சூடான தகரப் பெட்டி வழியாகத்தான் அவர் எனக்குக் கிடைத்தார். அதைத் துடைக்கும்போதெல்லாம் அப்படித்தான் நினைத்துக்கொள்வேன்.

“பட்டனை அமுக்கிப் பிடிக்கக்கூடாது” என்றார் மெக்கானிக். “அது கழுத்த நெரிக்கற மாதிரி. உங்களுக்குத் தெரிஞ்சவர் அதைத்தான் பண்ணியிருப்பார். முறையா மூடினா, கடைசியா வாங்கின அனுமதிய இது எங்கயாவது குறிச்சு வச்சுக்கும். வெளிய போய்க் கேக்காம இருக்க நெட்டையும் நிறுத்திட்டேன். திறக்கறப்ப அதையே காட்டிப் பாக்கலாம். மத்ததெல்லாம் ஒண்ணொண்ணா மூடுங்க. பேசறத கடைசியா.”

கம்பியைக் கழற்றினார். நான் ஒவ்வொன்றாக மூடினேன். பாதியில் நின்ற சீட்டாட்டம். வானிலை. எப்போதோ முடிந்துபோன தேர்தலின் செய்தி. அதற்கும் அடியில் ஒரு வரைபடம். கடலுக்கு நடுவே பொட்டுபோல ஒரு தீவு. அந்தத் தீவில் ஒரே ஒரு பஸ்தான் ஓடுகிறதாம், மாமா ஒருமுறை சொல்லியிருக்கிறார். கண்டக்டருக்கு எல்லாப் பயணிகளையும் பெயரோடு தெரிந்திருக்கும் என்று அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தார். மூடவா என்று பார்த்தேன். தலையசைத்தார். தீவு போயிற்று.

கடைசியில் தங்கச்சி மட்டும் இருந்தாள். மாமா, ஒரு நிமிடம் என்பதுபோல ஒரு விரலை உயர்த்தினார். மெக்கானிக் புரிந்துகொண்டு பால்கனிக்குப் போனார். நானும் எழுந்தேன், ஆனால் அந்தக் குரல் கேட்காத இடம் எங்கள் வீட்டில் கிடையாது.

“அடுப்பில் பால் இருக்கிறதா?”

“இறக்கிட்டேங்க.”

“கொடியில் துணி?”

“எடுத்தாச்சு. என்ன, டிக்கெட் செக் பண்றீங்களா?”

பிறகு வெகுநேரம் விசைகளின் சத்தம் மட்டும் வந்தது. அத்தை முகத்தைத் திருப்பி, கண்ணின் ஓரத்தால் அவரைப் பிடித்து வைத்திருந்தாள்.

“நான் சத்தமாக இருந்த காலத்தில் நீ பேசியது எதுவும் என் காதில் விழவில்லை. பிறகு விழுந்தது. நன்றி.”

“சரி, சரி” என்றாள் அத்தை. “வெளியூர் கிளம்பற மாதிரி பேசாதீங்க.” எதையோ தேடுவதுபோல மேசையைத் தடவினாள். மாமாவின் மணிக்கட்டில் கை பட்டதும் தேடுவதை நிறுத்திக்கொண்டாள்.

“மருமகளே, நீயே அணைத்துவிடு. உன் கை இலேசானது.”

அதுதான் கடைசி வாக்கியம். நிரலை மூடினேன். பிறகு, அணைக்கவா என்று திரை கேட்டது. தூக்கிக்கொண்டு நின்ற அந்தத் தடவும் சதுரத்தை அழுத்தப் பயந்து, அம்புக்குறி விசையால் நகர்ந்து போய் ஆம் என்றேன். சின்ன வளையம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே யாரோ பதறாமல் சாமான்களை எடுத்து வைப்பதுபோல எனக்குத் தோன்றியது. எல்லாவற்றையும் எடுத்து வை, எதையும் விட்டுவிடாதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். திரை கறுத்தது. அதற்கும் பிறகு, ஒரு பெருமூச்சுபோல, என்னவோ ஓய்ந்தது.

“என்னது அது?” அத்தை நிமிர்ந்தாள். “என்னமோ நின்னுபோச்சே?”

“உள்ள ஓடிட்டிருந்த குட்டி ஃபேன், அத்தை.”

இத்தனை காலமும் அது ஓடிக்கொண்டிருந்ததே எங்களுக்குத் தெரியாது. குளிர்பெட்டியின் உறுமல் கேட்டது. மேல்வீட்டில் யாரோ நாற்காலி இழுத்தார்கள். மாமா மூச்சு விடும்போது அறுவை சிகிச்சையில் போட்ட கழுத்துத் துளையில் எழும் மெல்லிய சீழ்க்கையை அன்றுதான் நான் முதன்முதலில் கேட்டேன்.

மெக்கானிக் சூடு ஆறும்வரை காத்திருந்துவிட்டு, திருகாணிகளைக் கழற்றி ஒரு மூடியில் வரிசையாக வைத்தார். மெத்தைபோல உப்பியிருந்த பேட்டரியை மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்து, கொண்டுவந்திருந்த மணல் டப்பாவுக்குள் படுக்கவைத்து வெளியே கொண்டுபோனார். புதியதைப் பொருத்தினார். இப்போது கணினியின் நான்கு மூலைகளும் மேசையில் அமர்ந்தன.

“ஆன் பண்ணட்டுமா, ஐயா?”

மாமாவின் கை பழக்கத்தில் விசைகளின் மேல் போனது. கறுத்த திரையைப் பார்த்ததும் எடுத்துக்கொண்டார்.

“என்ன சொல்றீங்க?” என்றாள் அத்தை. பதிலுக்காகக் காத்திருந்தாள். அது வர வழியில்லை என்பது அவளுக்கு உறைக்கச் சற்று நேரம் ஆனது.

“தம்பி, ஒரு நிமிஷம் இருப்பா.”

நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். வலது கையைப் புடவைத் தலைப்பில் நன்றாகத் துடைத்து, மடிக்கணினிக்கும் அவருக்கும் நடுவே விரித்து வைத்தாள். சன்னல் வெளிச்சம் அந்த உள்ளங்கையில் நிரம்பியிருந்தது. மாமாவின் சுட்டுவிரல் அதற்கு மேலே, தொடாமல் நின்றது.

“இதுல எழுதுங்க. பெரிய எழுத்தா, ஒவ்வொண்ணா.”