மர்ஜியாவைச் சுற்றிய கறுப்புக் கோடு

1997ஆம் ஆண்டு ஆகஸ்ட் பத்தாம் தேதி, மாலை அஸர் தொழுகைக்கும் அந்தி மக்ரிபுக்கும் நடுவே, லப்பைக்குடிக்காட்டில் பதினொரு பிள்ளைகளைச் சுற்றிக் கறுப்புக் கோடு விழுந்தது. சிலேட்டுக் குச்சிக் கனம். உச்சந்தலையில் தொடங்கி, காது மடலை வளைத்து, கைவிரல்களுக்கு நடுவே ஒழுங்காகப் புகுந்து புறப்பட்டு, கால் கட்டைவிரலைச் சுற்றி மறுபக்கம் ஏறி, தொடங்கிய இடத்திலேயே போய் முடிந்தது. முன்னால் நின்று பார்த்தாலும் பின்னால் நின்று பார்த்தாலும் கோடு ஓரத்தில்தான் இருந்தது என்பதால், அது எங்கேயோ ஒட்டிக்கொண்ட மசி இல்லை என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், எலுமிச்சம்பழம், பாத்திரம் விளக்கும் சாம்பல் என்று நான்கையும் போட்டுத் தேய்த்தார்கள். பிள்ளைகள் சிவந்தார்கள், கோடு கறுப்பாகவே இருந்தது. அந்த வாரம் சின்ன வெங்காய விலையும் ஏறியிருந்தபடியால் ஊர் இரண்டையும் சேர்த்தே பேசியது.

காரணம் தேடி யாரும் அலையவில்லை. சவுதியில், தம்மாமில் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஷேக் தாவூது, 1995இல் தன் வீட்டுக்கு ஒரு வீசியாரும் ஆறு கேசட்டும் அனுப்பியிருந்தார். அங்குள்ள டிவியில் ஓடிய ஒரு கார்ட்டூன் படத்தை, மகள் மர்ஜியா பார்க்கட்டும் என்று வாராவாரம் பதிந்துவைத்த கேசட்டுகள் அவை. படம் அரபியில் பேசியது. அரபி என்றதுமே மர்ஜியாவின் அம்மா ஹஃபீசா அதை மார்க்க விஷயம் என்று முடிவு கட்டிவிட்டார். தொழுகைக்குப் போல் முகம் கை கால் கழுவி ஒளு செய்யாமல் யாரும் டிவி முன்னால் உட்காரக் கூடாது. பையன்களுக்குத் தொப்பி, பெண்பிள்ளைகளுக்கு முக்காடு. நடுவில் கடலை மிட்டாய் கூடாது. தெருவிலிருந்த மற்ற தாய்மார்களும், நல்ல காரியமாயிற்றே என்று தங்கள் பிள்ளைகளைக் குளிப்பாட்டி அனுப்பினார்கள். ஓதுற பள்ளியில் அரபி எழுத்துக் கூட்டிப் பழகிய பிள்ளைகள், படத்தின் பாட்டை ஓர் எழுத்து பிசகாமல், நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டிப் பாடினார்கள். அர்த்தம் மட்டும் ஒருவருக்கும் தெரியாது. ஏழு மாதம் கழித்து, வாசலோடு போன ஹஜ்ரத் காதில் அது விழுந்தது. பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவர் என்பதால் ஹஃபீசா பெருமையாகவே கேட்டார்: "எந்தக் கிதாபுலேந்துங்க ஹஜ்ரத் ஓதுறாங்க?"

"கிதாபு இல்லம்மா. ஒட்டகத்துக்குப் பசிக்குது, புல்லு கொண்டா, புல்லு கொண்டாங்குது."

சொல்லிவிட்டு அவர் போயிருக்கலாம். போகவில்லை. "ஒட்டகத்துக்கு ரெக்க எப்புடிம்மா வந்துச்சு?" என்று கேட்டபடி உள்ளே வந்து பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்தவர், அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவிர எல்லா நாளும் வந்தார், வரிக்கு வரி தமிழில் சொன்னார். தொப்பியும் முக்காடும் பழகிவிட்டபடியால் அப்படியே தொடர்ந்தன.

கதை இதுதான். மணல் ராஜா என்று ஒருவன், முகமே கிடையாது, ஓர் ஊரின் கிணற்றை வேரோடு பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறான். ரீமா என்ற சிறுமி அதை மீட்டு, குடை மாதிரி விரியும் சிறகுள்ள ஓர் ஒட்டகத்தின் முதுகில் ஏற்றி, கிணற்றுக்குச் சொந்தமான ஊரைத் தேடிப் பறக்கிறாள். ஒவ்வொரு பாகத்திலும் ஓர் ஊர் வரும். எல்லா ஊர்க்காரர்களும் "எங்க கெணறுதான், எறக்கிட்டுப் போ" என்பார்கள். மாளிகை தருகிறேன் என்பார்கள், மாம்பழம் தருகிறேன் என்பார்கள். ரீமா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, "இவங்க முகம் தண்ணியில தெரியல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவாள். இருபத்தைந்து பாகமும் இப்படியே. சவுதியில் கலராகப் பதிந்தது, என்ன காரணமோ, நம் ஊர் டிவியில் கறுப்பு வெள்ளையாகத்தான் ஓடியது. ஆகவே ஒட்டகம் பச்சை என்று மர்ஜியா அறிவித்தாள். இல்லை, ஊதா என்று சொன்ன ஆகிப்புக்கு உதடு கிழிந்தது. பிறகு பச்சையே நிலைத்தது.

கடைசிப் பாகம் இருந்த ஏழாவது கேசட் இரண்டு வருடம் கழித்து, ஊர் திரும்பிய ஒருவரின் பெட்டியில் வந்து சேர்ந்தது. கேசட்டைப் போட்டார்கள். ஒட்டகம் தாழ இறங்கியது. ரீமா கிணற்றுக்குள் குனிந்தாள். தண்ணீரில் ஒரு முகம் தெரியத் தொடங்கியது. அடுத்த நொடி, இரும்புக் கட்டிலில் உட்கார்ந்திருந்த ஷேக் தாவூது, "ஹஃபீசா, அஸ்ஸலாமு அலைக்கும், நல்லாருக்கியா?" என்றார். ரூமில் யாரோ கேமரா இரவல் வாங்கி வர, கையில் கிடைத்த கேசட்டைச் செருகி வீட்டுக்குக் கடிதம் பேசியிருக்கிறார். ஒரு மணி நேரம். கட்டில், ஏசி, சமையல் அடுப்பு எல்லாவற்றையும் காட்டினார். ரூமில் இருந்த நான்கு பேரும் வரிசையாக வந்து அவரவர் வீட்டுக்கு சலாம் சொன்னார்கள். செய்தி பரவி, அந்த நால்வரின் மனைவிமாரும் அம்மாக்களும் கொழுந்தியாள்களும் திரண்டு வந்து, திருப்பித் திருப்பிப் போடச் சொல்லி, சிரித்து அழுதார்கள். பிள்ளைகள் நகரவில்லை. "படம் முடியல. முடியாம எந்திரிக்க மாட்டோம்" என்றாள் மர்ஜியா. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. பாங்கு சொன்னபோது ஹஃபீசா காதைப் பிடித்து எழுப்பினார். எழுந்தவர்கள் கோட்டோடு எழுந்தார்கள். கார்ட்டூனில் ரீமாவைச் சுற்றி இருந்த அதே கோடு.

அதோடு வாழ்வதில் பெரிய சிரமம் இருக்கவில்லை. டெய்லர் மட்டும், அளவைக் கோட்டுக்கு உள்ளே எடுப்பதா வெளியே எடுப்பதா என்று கேட்டுவிட்டு டேப்பை வைப்பார். கண்ணாமூச்சி ஆட்டத்தில் அந்தப் பதினொரு பேரை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை, இருட்டு மூலையிலும் விளிம்பு தெரிந்தது. அரியலூரிலிருந்து வந்து அவர்களைப் படமெடுத்த ஒரு போட்டோகிராபர் நெகட்டிவை ஒன்பது முறை கழுவிப் பார்த்துவிட்டு, தொழிலை விட்டுச் சுண்ணாம்புக்கல் லாரிக்குக் கிளீனராகப் போனார்.

கோடு அழியும் விதம் 1999இல் தெரிந்தது. ஆகிப், பெரம்பலூர் பள்ளியில் கூட்டாளிகள் கேலி செய்தபோது, "அது ஏதோ சின்னப் புள்ளையில பாத்த கிறுக்குப் படம்டா" என்று சொல்லிவைத்தான். அன்று மாலை குழாயடியில் முகம் கழுவியபோது கோடு கறுப்பாகக் கரைந்து சாக்கடையில் ஓடிவிட்டது. பெனாசிர், "அப்புடி ஒரு படமே கெடையாது, கனாவா இருக்கும்" என்றாள். அவளுடையது தலையணை உறையில் தங்கிவிட்டது. ஒவ்வொருவராக வளர்ந்தார்கள், ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்து, பதினைந்தே மாதத்தில் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்தது. அதிகாரிகள் போட்ட கோட்டை அதிகாரிகளே அழித்தார்கள். ஹஜ்ரத் வயதாகி மவுத்தானார். 2003 நோன்புப் பெருநாளுக்குள் கோட்டோடு மிஞ்சியது மர்ஜியா ஒருத்திதான்.

கேசட்டுகளும் மிஞ்சவில்லை. பூஞ்சை பிடித்து வீசியாரின் தலையைக் கெடுத்துவிட்டன என்று, மக்காச்சோளம் போட்டிருந்த நல்லுசாமியிடம் ஹஃபீசா ஏழு கேசட்டையும் தூக்கிக் கொடுத்துவிட்டார். அவர் நாடாவை உருவி, கிளி விரட்டக் கொல்லையைச் சுற்றி இழுத்துக் கட்டினார். காற்றடித்தால் நாடா விர்ரென்று பாடும். கிளிகள் வரவில்லை, வந்த இரண்டும் கறுப்பு விளிம்போடு திரும்பிப் போயின. அந்த வருடம் பக்கத்துக் கொல்லைகளைவிட அவருக்கு மூன்று மூட்டை கூடுதல். மழையில் நாடா வெளுத்துப் போன பிறகு, அப்படி ஒரு படம் இருந்ததற்கு உலகத்தில் மர்ஜியாவைத் தவிர வேறு அத்தாட்சி இல்லை.

2007 பிப்ரவரியில் அரியலூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வாசிம், சிமெண்டு வியாபாரம். வந்தது பதினேழு பேர், ஒரு வேன். பேச்செல்லாம் முன்பே முடிந்து, பெண்ணைப் பார்ப்பது மட்டும்தான் பாக்கி. வாசிமின் அண்ணன் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவன். விஷயம் கேள்விப்பட்டு இன்டர்நெட்டில் மூன்று நாள் தேடி, சிறகுள்ள ஒட்டகமும் கிணறும் வரும் படம் எந்த நாட்டிலும் எடுக்கப்படவில்லை என்று பிரிண்ட் எடுத்தே கொண்டுவந்திருந்தான். மாப்பிள்ளையின் அம்மா மைமூன் பீவி அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மர்ஜியாவைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"இந்தா பாரு புள்ள. கோடு எனக்குப் பெருசில்ல, மருதாணின்னு நெனச்சுக்குறேன். ஆனா இல்லாதத இருக்குன்னு சாதிக்கிற பொண்ணு எங்க வூட்டுக்கு ஆவாது. 'சும்மா சொன்னேன் மாமி'ன்னு ஒரு வார்த்த சொல்லு. மூஞ்சிய கழுவிட்டு வந்து பாலு குடு. முடிஞ்சி போச்சு."

சவுதியிலிருந்து நிரந்தரமாக ஊர் திரும்பியிருந்த ஷேக் தாவூது, மகளைப் பார்க்காமல் சொன்னார்: "சொல்லிரும்மா. என்ன கொறஞ்சிறப் போவுது?"

"நீங்கதான அத்தா பதிஞ்சி அனுப்புனீங்க?"

"எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல தாயி."

மர்ஜியாவைச் சுற்றியிருந்த கோடு அப்போது மயிரிழையளவு மெலிந்தது என்று கதவோரம் நின்ற பெண்கள் சொன்னார்கள். மற்றவர்கள் மறுத்தபோதெல்லாம் அசையாத கோடு. அவள் முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "படம் இருந்துச்சு மாமி. நான் பாத்தேன். கண்ணாலம் வேணாம்னா வேணாம்" என்று சொல்லிவிட்டு, எழுந்து உள்ளே போவாள் என்று எல்லோரும் எதிர்பார்க்க, போகாமல் முதல் பாகத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். கை, கால், குரல் எல்லாவற்றாலும் சொன்னாள். மணல் ராஜா வந்தபோது கூடத்தில் அனைவர் பல்லிலும் மணல் நறநறத்தது. ஒட்டகம் பறந்தபோது ஃபேன் நின்றுபோயும் காற்று வந்தது. நாலாம் பாகத்தில் வேன் டிரைவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். ஒன்பதாம் பாகத்தில் அடுப்பில் பிரியாணி அடிப்பிடித்தது, யாரும் எழவில்லை. நான்கு மணி நேரம் சொன்னாள் என்பது அடக்கமாகச் சொல்வது. அதற்குள் இரண்டு தொழுகை வந்துபோனது, தொழுதுவிட்டு ஓடிவந்து விட்ட இடத்தில் உட்கார்ந்தார்கள். பதினெட்டாம் பாகத்தில் ஓர் ஊர்க்காரி கண்ணீர் விட்டுக் கிணற்றைக் கேட்டபோது மைமூன் பீவியே பதறினார்: "குடுத்துறாதடி ரீமா! நடிக்கிறா அவ!"

இருபத்தாறாம் பாகம். ஒட்டகம் இறங்கியது, ரீமா குனிந்தாள், தண்ணீரில் ஒரு முகம் தெரியத் தொடங்கியது. மர்ஜியா நிறுத்திவிட்டாள்.

"பொறவு?" என்றார் மைமூன் பீவி.

"தெரியாது மாமி. அதுக்கு மேல அழிஞ்சிருச்சு."

"அழிஞ்சிருச்சா? எவன் அழிச்சான்?"

ஷேக் தாவூது சுவரைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார், பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாந்தாங்க. வூட்டு நெனப்புல, எந்தக் கேசட்டுன்னு பாக்காம அது மேலயே பேசிட்டேன். படம் இருந்துச்சு. பச்ச ஒட்டகம் இல்ல, மஞ்ச. டைமர போட்டுட்டு வேலைக்கிப் போவேன், நாந்தான் பதிஞ்சேன்."

"மஞ்சளா?" என்றாள் மர்ஜியா. பத்து வருடத்தில் அவள் தோற்ற இடம் அது ஒன்றுதான்.

"அப்ப முடிவ நீங்களாவது பாத்தீங்களா?" என்று கூடத்தில் இருந்த விருந்தாளிகளும் டிரைவரும் ஒரே குரலில் கேட்டார்கள். டைமர் போட்டுவிட்டு வேலைக்குப் போனவர் எப்படிப் பார்ப்பார்? அவர் உதட்டைப் பிதுக்கிய வேகத்தில், கூடத்தில் இருந்த அத்தனை பேரையும் சுற்றிக் கோடு விழுந்தது. முதலில் விழுந்தது ஷேக் தாவூதுக்கு.

மைமூன் பீவி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, விடு. முகம் ரீமாவோட அம்மா முகம்னு வச்சுக்குவோம். பொருத்தமா இருக்கும்ல?"

"வச்சுக்க முடியாது மாமி. தெரியாதுன்னா தெரியாதுதான்."

ஹஃபீசா தலையில் கைவைத்துக்கொண்டார். மைமூன் பீவி மர்ஜியாவை மேலும் கீழும் பார்த்தார், மூத்த மகன் பக்கம் திரும்பினார். "இவ வாய்க்கு நம்ம ஊரு தாங்காது. தேதி குறிங்க."

மே மாதம் நிக்காஹ் நடந்தது. வாசிம் அன்று கடைசிப் பாகத்தின்போது வேன் டயருக்குக் காற்றடிக்கப் போயிருந்தபடியால் அவருக்குக் கோடு இல்லை. மர்ஜியா முதலிலிருந்து சொன்ன பிறகு, ஆடி மாதம் விழுந்தது. சிமெண்டு மூட்டை தூக்கும்போது கொஞ்சம் சாம்பல் நிறமாகும், குளித்தால் சரியாகிவிடும். மைமூன் பீவி கறுப்பு விளிம்போடுதான் அரியலூர் மார்க்கெட்டுக்குப் போகிறார். கத்தரிக்காய் விற்கும் மலர்கொடி, "அது என்னாங்கம்மா, ஒங்கள சுத்திக் கோடு?" என்று ஒருநாள் கேட்டபோது, நல்ல காயாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டே, "படம் பாத்தவங்களுக்கு வர்றதுதான்" என்றார். அவர் அந்தப் படத்தில் ஒரு நொடிகூடப் பார்த்ததில்லை.