முகத்தில் காட்டாதே

"அசையாதீங்க ஆர்வோ, இன்னும் ரெண்டே நிமிஷம்" என்று ஸ்கேன் மெஷினுக்குள் படுத்திருந்தவரிடம் மைக்கில் சொல்லிவிட்டு, மார்லிஸ் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சர்க்கரையோடு கலந்து ஊசியில் ஏற்றின மருந்து, புற்றுக்கட்டி எங்கே பசியோடு இருக்கிறதோ அங்கே போய்க் கருப்பாகத் தெரியும். ஈரலில் ஏழு இடத்தில் கருப்பு. கோடையில் எடுத்த படத்தில் அங்கே ஒன்றுமே இல்லை. கோடைக்குப் பிறகு மாற்றிக் கொடுத்த புற்று மருந்தும் கேட்காவிட்டால் இனிமேல் கொடுக்க ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதை, காலையில் ஊசி போடும்போது ஆர்வோவே சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தார். அமெரிக்காவின் டலூத் துறைமுகத்தில் முப்பது வருஷம் கப்பலில் இரும்புக்கல் ஏற்றிய மனிதர்.

படம் எடுப்பவள் வாயைத் திறக்கக் கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். இருபது வருஷமாக அதைக் காப்பாற்றி வந்தவள்தான் மார்லிஸ். முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். அவரைக் கைத்தாங்கலாக எழுப்பி உட்காரவைத்து, சூடான போர்வையைத் தோளில் போட்டாள். குனிந்து ஷூவையும் மாட்டி, கயிற்றைக் கட்டிவிட்டாள்.

ஆர்வோ அவள் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன தடவ, 'எந்திரிங்க எந்திரிங்க, வெளியில ஆள் காத்திருக்கு'ன்னு என்னத் தொரத்துன. இன்னிக்கு என்னடான்னா ஷூ மாட்டி விடுற."

"டாக்டர் நாளைக்குக் கூப்பிடுவார், ஆர்வோ."

"கூப்பிடட்டும்." போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "வெளியில ஐலி உக்காந்திருக்கா. கட்டுன நாள்லேருந்து ஆள் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருவா. இன்னிக்கு ஒரு நாளாவது அவ நிம்மதியா தூங்கட்டும். அவ முன்னால இப்படி நல்லவளா இருக்காத தாயீ. என்னத் தொரத்து."

அட பாவி மனுஷா, என்னிடம் போய் இதைக் கேட்கிறாயே என்று மார்லிஸ் மனதுக்குள் திட்டினாள். கதவைத் திறந்தாள். ஐலி சட்டென்று எழுந்து நின்றாள். ஆர்வோவை விட்டுவிட்டு மார்லிஸின் முகத்தைத்தான் கண்ணால் துழாவினாள்.

"கூட்டிட்டுக் கெளம்புங்க ஐலி, உங்க வீட்டுக்காரர் வாய் ஓயவே மாட்டேங்குது! எனக்கு இன்னும் நாலு பேர் இருக்காங்க. நடங்க, நடங்க!"

 ஐலிக்குக் கண் நிறைந்துவிட்டது. "தெரியும், ஒண்ணும் இருக்காதுன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்று முணுமுணுத்துக்கொண்டே பையைத் திறந்தாள். காலையிலிருந்து பட்டினி கிடந்த மனிதருக்கென்று சுட்டுவந்த ஏலக்காய் ரொட்டி. ஒரு பெரிய துண்டைப் பிய்த்து மார்லிஸின் கையில் திணித்தாள்.

கண்ணாடிக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கார் வரைக்கும் பொறுக்க முடியாமல் ஐலி நடந்துகொண்டே அவருக்கு ஊட்டினாள். அவர் மறுக்காமல் வாயைத் திறந்தார்.