நாக்கில் தொட்ட கம்பிகள்

"அறுந்தது ஒரு கம்பிதானே? மாத்த நேரமில்லை. அந்த எட்டையும் நிப்பாட்டிப்போட்டுப் பெட்டியை மூடுவம். நாளைக்கு லொறி வருது," என்றாள் ஜெனிஸ்ரா.

மன்னாரில் இருந்த அந்தச் சிறிய பட்டறையில், விண்ணிலிருந்து பொழியும் துகள்களைக் கண்டறியும் கருவி தயாராகிக்கொண்டிருந்தது. உள்ளே தலைமயிரைவிட மெல்லிய தொண்ணூற்றாறு கம்பிகள். ஒன்று அறுந்து பக்கத்துக் கம்பியில் விழுந்தால் எல்லாம் முடங்கும். அதனால் பொறியியலாளர் ஜெனிஸ்ரா எட்டெட்டுக் கம்பிக்குத் தனித்தனி இணைப்பு வைத்திருந்தாள். பழுதான எட்டை மட்டும் வெளியிலிருந்தே நிறுத்திவிடலாம். மூடியபின் உள்ளே கைவைக்க முடியாது.

"யதுசன், கம்பி நுனியை ஒட்டின உங்கட சோல்டரிங்தான் பிழை. இனி நீங்கள் சாமான் அடுக்குற பக்கம் போங்கோ."

பக்கத்து மேசையில் இருந்த றொசானா குனிந்துகொண்டாள். கம்பிகளைக் கோத்தவள் அவள்தான். விடத்தல்தீவில் கிழிந்த மீன்வலை பொத்திய காலத்தில், நூல் நுனியை நாக்கில் நனைத்துக் கோத்துப் பழகியவள். இங்கேயும் ஊசித்துளைக்குள் கம்பி போக மறுத்தபோதெல்லாம் முகமூடியை இறக்கி, நாக்கில் ஒரு தொடுகை. 'வியர்வைகூடப் படக்கூடாது, உப்பு அரிச்சுப்போடும்' என்று முதல் நாளே எச்சரித்திருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை என்று இருந்துவிட்டாள்.

ஒரு கம்பியா? நாக்கில் பட்டவை பதினான்கு! பத்து இணைப்புகளில் சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றாக அறுந்தால் எத்தனை எட்டை நிறுத்துவது?

யதுசன் எழுந்தான். "பரவாயில்லை அக்கா, பெட்டி அடுக்கச் சோல்டரிங் தேவையில்லை," என்று றொசானாவிடம் சிரிக்கப் பார்த்தான்.

அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை.

"மிஸ், யதுசனில பிழையில்லை. நான்தான் நாக்கில தொட்டுத் தொட்டுக் கோத்தனான்."

"கையுறை போட்டிருந்தனீங்கள்தானே?"

"கைக்குப் போட்டனான் மிஸ். வாய்க்குப் போடேல்லை."

யாரும் சிரிக்கவில்லை.

"எத்தினை கம்பி?"

"பதினாலு. மூண்டு, ஒன்பது, பதினேழு..."

இலக்கங்களைச் சொல்லச் சொல்ல முகம் எரிந்தது. ஒன்றையாவது மறந்திருக்கலாம். எல்லாம் மனப்பாடமாக இருந்ததுதான் வெட்கக்கேடு.

ஜெனிஸ்ரா ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"யதுசன், பார்க்காமல் சொல்லிப்போட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. லொறியை மறிக்கிறன். பதினாலையும் கழட்டுங்கோ. அக்கா, நீங்களே திருப்பிக் கோவுங்கோ."

யதுசன் வந்து தன் வழமையான கதிரையில் அமர்ந்தான். றொசானாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"முதல் எது?"

"மூண்டு," என்ற றொசானா முகமூடியை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டாள். கண்ணையும் மூட முடிந்தால் மூடியிருப்பாள்.