வீட்டு மனை: இல்லை

“பத்து மார்க்கா? கொஞ்சம் ஜாஸ்தியா தெரியலையாம்மா?”

“ஜாஸ்திதான் சார். ஜாஸ்தியா இருந்தாத்தான் கேக்கறதுக்கு முன்னாடி யோசிப்பாங்க.”

“விவசாயிக்கும் புள்ளகுட்டி இருக்கும். நாளைக்கு அது கல்யாணம் பண்ணி, ஒரு வீடு கட்டணும்னா என்ன செய்யும்?”

“இருக்கற வீட்டுல ஒரு ரூம் கூட்டிக் கட்டிக்கட்டும். மனை வேணும்னு கேக்கறவங்கள்ல பாதிப் பேரு மனை வியாபாரம் பண்றவங்க சார். தோட்டக்காரர்னு சொல்லிட்டு வந்து நீச்சல் குளம் கட்டினவரைப் பாத்தோமே?”

நகராட்சி ஆணையர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. இந்த மூன்று வாரமாக அந்தப் பேச்சு அவளுக்குப் பல் தேய்க்கும்போது கேட்கிறது, பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது கேட்கிறது. இருக்கற வீட்டுல ஒரு ரூம் கூட்டிக் கட்டிக்கட்டும். என்ன வாய் அது என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

நகராட்சியில் திறந்தவெளிப் பிரிவு என்று ஒன்று உண்டு. மாடிப்படிக்குக் கீழே, ஜெராக்ஸ் இயந்திரத்துக்கும் தண்ணீர் டிரம்முக்கும் நடுவில் மூன்று மேசைகள். அதில் ஒன்று அவளுடையது. ஊர் மக்கள் வாக்களித்து, வீட்டு வரியோடு சேர்த்து ஒரு சின்னத் தொகை கட்ட ஒப்புக்கொண்டதில் சேர்ந்த நிதியை அந்தப் பிரிவு பார்த்துக்கொண்டது. அதில்தான் பூங்கா போடுவார்கள், விளையாட்டுத் திடலுக்கு இடம் வாங்குவார்கள். ஊரைச் சுற்றி மிச்சமிருக்கும் விளைநிலத்தைக் காப்பாற்றுவதும் அதில்தான். நிலத்தை நகராட்சி வாங்குவதில்லை. அதில் கட்டடம் கட்டும் உரிமையை மட்டும் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளும். உரிமையாளர் வழக்கம்போல் உழலாம், விதைக்கலாம், வேண்டுமானால் விற்கலாம். யார் கைக்குப் போனாலும் அங்கே செங்கல் ஏறக்கூடாது. எந்தக் காலத்துக்கும்.

கேட்கிறவர்கள் நிறைய, நிதி கொஞ்சம். அதனால் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தினார்கள். மண்ணுக்கு இத்தனை, தண்ணீருக்கு இத்தனை, பக்கத்தில் எவ்வளவு நெருங்கி மனைப்பிரிவுகள் வந்திருக்கின்றன என்பதற்கு இத்தனை. பத்திரம் முடியும் முன் தங்களுக்கென்று ஒரு வீட்டு மனையை ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒதுக்கினால் பத்து மதிப்பெண் போச்சு. அந்தப் பத்துதான் அவள் போட்டது.

இந்த வருடம் விண்ணப்பித்தவர்களில் அவள் புகுந்த வீடும் ஒன்று.

பதினொரு ஏக்கர். வெங்காயம், கோஸ், மக்காச்சோளம் என்று மாற்றி மாற்றி விளையும் மண். அவள் கணவனும் அவன் அண்ணனான மூத்தாரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் நிலம். சொந்தக்காரர்களின் கோப்பைத் தொடக் கூடாது என்பது விதி. விண்ணப்பம் வந்த அன்றே அவள் எழுதிக் கொடுத்து விலகிக்கொண்டாள். கோப்பு எதிர்மேசை சர்வேயரிடம் போனது. சட்டைப் பையில் எப்போதும் ஆறங்குல ஸ்கேல் செருகியிருப்பதால் அலுவலகமே அவரை ‘ஸ்கேல்’ என்றுதான் கூப்பிட்டது.

விலகியதோடு விட்டிருந்தால் தொல்லையில்லை. மூன்று வாரம் முன்பு ஜெராக்ஸ் இயந்திரத்தில் யாரோ மறந்து வைத்த தாளை எடுத்து ஓரமாக வைக்கப் போனவள், வரிசைப் பட்டியலைப் பார்த்துவிட்டாள். இந்த வருட நிதியில் கடைசியாக ஒருவருக்குத்தான் இடமிருந்தது. அந்தக் கடைசி இடத்தில் அவர்கள் நிலம், எழுபத்தொன்று. அடுத்தது பழைய செங்கல் சூளை இருந்த திடல், அறுபத்தாறு. அங்கே பூங்கா கேட்டுச் சுற்றியுள்ள தெருக்காரர்கள் நாலு வருடமாக மனுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எழுபத்தொன்றில் பத்துப் போனால் என்ன என்று கணக்குப் போட அவளுக்குக் காகிதம் தேவைப்படவில்லை.

கல்யாணமாகி ஒன்பது வருடம். மூத்தார் வீட்டில் அவளுக்கும் கணவனுக்கும் கிடைத்திருப்பது விதை மூட்டை அடுக்கும் அறை. இரும்புக் கட்டில், அதன் கீழே விதை டின்கள், ஆணியில் அவளுடைய அலுவலகத் துணிகள். ஒரே ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர் கையில் தட்டும். கூட்டிக் கட்ட ஒரு முழம்கூட இடம் கிடையாது. வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் இரும்புப் பெட்டியும் அதே அறையில்தான் என்பதால், யாருக்கு எது வேண்டுமென்றாலும் அங்கேதான் வருவார்கள். மூத்தாரின் மனைவியான ஓரகத்தி நல்லவள், கதவைத் தட்டுவாள். ஆனால் உள்ளே வந்த பிறகுதான் தட்டுவாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒன்பது வருடமாகச் சண்டை போட்டதெல்லாம் கிசுகிசுத்துத்தான்.

புதிதாகக் கல்யாணமானபோது ஒருநாள் கணவன் அவளை நிலத்துக்கு அழைத்துப்போய், கிணற்றுக்கு மேற்கே வரப்பு மடங்கும் இடத்தில் நின்று, “இங்க நமக்கு ஒரு வீடு கட்டலாமா?” என்றான். அவள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தாள். அதன் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுப்பான் எடுப்பான் என்று அவளும் காத்திருந்தாள். நகரத்தில் வாடகைக்குப் பார்க்கலாம் என்றால், எந்தத் தெருவில் பூங்கா வந்ததோ அந்தத் தெருவில் வாடகை ஏறிவிட்டது. அந்தப் பூங்காக்களின் கோப்பெல்லாம் அவள் கை வழியாகப் போனவைதான்.

பத்திரத்தில் கையெழுத்தாகும் நாளன்று காலை, சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஓரகத்தி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்காவது சிரிச்ச மூஞ்சியா வா. ஆபீசுக்குப் போறவ மாதிரி வராத.”

“ரெண்டுக்கும் என்கிட்ட ஒரே மூஞ்சிதான்க்கா இருக்கு.”

“அதான் பிரச்சினையே.” ஓரகத்தி துணியைப் பிழிந்து கம்பியில் போட்டாள். “ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. மனை வேண்டாம்னு எப்படி ஒத்துக்கிட்ட? நானா இருந்தா உங்க மாமாவை உலுக்கி எடுத்திருப்பேன்.”

கத்தி நின்றது. “நான் எப்பக்கா ஒத்துக்கிட்டேன்?”

“ஃபாரம் ரொப்பினப்பதான். அந்த எடம் வந்ததும் நீ எழுந்து தண்ணி குடிக்கப் போனியாமே. ‘அவ ஆபீஸ்ல இருக்கறவ, வாயைத் திறந்து சொல்லக் கூடாது. வேண்டாம்னுதான் எழுந்து போறா, புரிஞ்சுக்கடா’ன்னு உங்க மாமா தம்பிகிட்ட சொன்னாராம். அவரும் தலையாட்டினாராம்.”

“விதிக்காக எழுந்து போனேன்க்கா. நான் பக்கத்துல உக்காந்திருந்தா, நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு ஆகும்.”

“நல்லா இருக்கு போ. உக்காந்தா சொன்ன மாதிரி, எழுந்தாலும் சொன்ன மாதிரி.” ஓரகத்தி சிரித்தாள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மூத்தார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். இரண்டு வருடமாக அவருக்குக் குனிந்தால் நிமிர நேரம் பிடித்தது.

“கெளம்பலாமா? இன்னிக்கு இது முடிஞ்சா அந்தப் பணத்துல கெணத்தை ஆழப்படுத்தி, ஆள் வெச்சுப் பாத்துக்கலாம். முடியலேன்னா என்னால இனிமே ஆகாதுப்பா, லேஅவுட்காரனுக்குத் தூக்கிக் குடுத்துடுவேன். போன வாரம்கூட கலர் படத்தோட வந்தான். நம்ம கெணறு இருக்கற எடத்துல கிளப் ஹவுஸ்னு போட்டிருக்கான்.”

“கிளப் ஹவுஸ்ல என்ன பண்ணுவாங்க?” என்றாள் ஓரகத்தி.

“உக்காந்து, இந்த எடம் முன்னாடி என்னவா இருந்துச்சுன்னு பேசிக்குவாங்க.”

மூத்தாரும் ஓரகத்தியும் பேருந்தில் கிளம்பினார்கள். அவள் கணவனின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தாள். ஊரைத் தாண்டியதும் வரிசையாக மனைப்பிரிவுகள். தெருவிளக்கு இருந்தது, தெருப் பெயர்ப்பலகை இருந்தது, வீடுகளைத்தான் காணோம். எண் எழுதிய கற்களுக்கு நடுவில் யாருடையதோ ஒரு மாடு நின்றது.

“ஏங்க.”

“ம்.”

“அன்னிக்கு மனையைப் பத்திக் கேட்ட எடத்துல எதுக்குத் தலையாட்டினீங்க?”

எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கினான். “நீ எழுந்து போனியே.”

“போனா?”

“வேண்டாம்னு அர்த்தம்னு அண்ணன் சொன்னாரு.”

“அண்ணன் சொன்னதைக் கேக்கல. நீங்க என்ன நெனச்சீங்க?”

அடுத்த வேகத்தடை வந்தது. ஏறி இறங்கிய பிறகு, முகத்தைத் திருப்பாமல் சொன்னான். “எத்தனை வருஷமாச்சு. நீ ஒரு நாளாவது அதைப் பத்தி வாயைத் திறந்தியா? உனக்கு டவுன்தான் இஷ்டம்னு நெனச்சுட்டேன்.”

“நீங்க மறுபடி கேப்பீங்கன்னு இருந்தேன்.”

“கேட்டு, நீ வேண்டாம்னுட்டா? அப்பறம் அந்த மூலையில நின்னு நான் தெனமும் கோஸுக்குத் தண்ணி பாய்ச்ச வேண்டாமா?”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டையும் அவன் முதுகுக்குப் பின்னால் விழுங்கினாள்.

“சரி, இப்பக் கேக்கறேன்” என்றான். “வேணுமா?”

எழுபத்தொன்று, அறுபத்தாறு என்று இரண்டு எண்களும் நாக்கின் நுனியில் நின்றன. வேண்டும் என்று மட்டும் சொன்னால், விவரம் தெரியாமல் அங்கே போய்க் கேட்டுவிடுவான். கேட்ட மாத்திரத்தில் நிலம் பட்டியலை விட்டு இறங்கும். பட்டியலைப் பற்றிச் சொன்னாலோ, இத்தனை வருடம் அந்த மேசையில் உட்கார்ந்ததற்கு அர்த்தமில்லை. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

“வண்டியைப் பாத்து ஓட்டுங்க” என்றாள்.

அவன் தோள்கள் லேசாக இறங்கியதை அவள் பார்த்தாள்.

கூட்ட அறையில் பச்சைத் துணி விரித்த நீள மேசை. அவள் எப்போதும் உட்காரும் பக்கம் சுழல் நாற்காலிகள். வருகிறவர்கள் பக்கம் கம்பி நாற்காலிகள். கம்பி நாற்காலியில் இன்றுதான் முதல்முறையாக உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் எதிரில் இருப்பவரின் முகம் பாதி கோப்புக்குப் பின்னால் மறைந்திருந்தது. இதுவரை வந்தவர்கள் எல்லோரும் தன்னை இப்படித்தான் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தாள்.

ஆணையர் மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தார். ஸ்கேல் தொண்டையைச் செருமிக்கொண்டார். கையெழுத்துக்கு முன் பத்திரத்தின் ஒவ்வொரு பத்தியையும் உரக்கப் படித்து, வீட்டில் வயது வந்த ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சம்மதம் கேட்பது இந்தப் பிரிவின் வழக்கம். முதல் வருடம் ஒரு குடும்பத்தின் மருமகள், பத்திரம் முடிந்து ஒரு மாதம் கழித்து வந்து, என்னை யாருமே கேட்கவில்லையே என்று வாசலில் நின்றாள். அன்றிலிருந்து இந்த வழக்கம்.

“ஒண்ணாவது பத்தி” என்று ஸ்கேல் ஆரம்பித்தார். எல்லைகள், சர்வே எண், கிணறு. சம்மதம், சம்மதம் என்று நாலு குரல்கள் வந்தன. மூத்தார் ஒவ்வொரு முறையும் இடுப்பை நகர்த்திக்கொண்டு சொன்னார். ஜன்னலுக்கு வெளியே வரி கட்ட நின்றவர்களின் வரிசையில் யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஒம்பதாவது பத்தி. வீட்டு மனை: இல்லை. இந்த நிலத்தின் எந்தப் பகுதியிலும், எந்தக் காலத்திலும், உரிமையாளரோ அவர் வாரிசுகளோ குடியிருப்பதற்கான கட்டடம் எழுப்புவதில்லை. பெரியவரே?”

“சம்மதம்.”

“அம்மா?”

ஓரகத்தி ஒரு கணம் அவள் பக்கம் திரும்பினாள். “சம்மதம்” என்றாள், குரல் உள்ளுக்குள் போயிருந்தது.

“தம்பி?”

கணவன் மேசைத் துணியின் ஓரத்தை மடித்தான், நீவினான். “எனக்கு ஒண்ணுமில்ல. அவளைக் கேளுங்க முதல்ல.”

ஸ்கேல் கோப்பைத் தாழ்த்தினார். தினமும் எதிர்மேசையில் தேநீர் குடிப்பவர், இன்று யாரோ ஒருத்தியிடம் கேட்பதுபோல முறையாகக் கேட்டார். “நீங்கம்மா?”

சூளைத் திடல் தெருக்களின் மனுவை அவளே பதிவு செய்திருந்தாள். மனை கேட்டால் இந்த வருடப் பணம் அங்கே போகும்; பூங்கா வந்தால் நல்லதுதான். ஆனால் அதற்கு விலையாக, மூத்தார் அந்தக் கலர் படத்துக்குக் கையெழுத்துப் போடுவார். அவர் போட மாட்டார் என்று சொல்ல யாராலும் முடியாது. வெங்காயம் விளையும் மண்ணில் மூன்று பக்கமும் நிற்கும் எண் கற்கள் நாலாவது பக்கத்தையும் பிடிக்கும். இப்போது ஒரு சொல் சொன்னால் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும். சம்மதம் என்கிற ஒரே சொல். விதை அறைக்குத் திரும்பிப் போகலாம். ஆணியில் துணியை மாட்டலாம். அவனும் அவளும் ஒருவரையொருவர் கேட்காமலே வயதாகலாம்.

“சார்” என்றாள் ஆணையரைப் பார்த்து. “ஒண்ணு சொல்லிடறேன். மூணு வாரம் முன்னாடி வரிசைப் பட்டியலை நான் பாத்துட்டேன். பாக்கக் கூடாது, பாத்துட்டேன். அதுக்கு என்ன நடவடிக்கையோ எடுங்க.”

ஆணையர் கண்ணாடியைக் கழற்றினார். ஸ்கேலின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

அவள் மூத்தார் பக்கம் திரும்பினாள். “மாமா, மனைன்னு ஒண்ணு கேட்டா நம்ம நிலத்துக்கு இந்த வருஷம் பணம் வராது. எனக்கு நல்லாத் தெரியும். அந்தப் பத்து மார்க்கை எழுதினதே நான்தான். அதனாலதான் வாயை மூடிட்டு இருந்தேன். நான் வேண்டாம்னு எழுந்து போகல.”

மூத்தார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஓரகத்தி அவர் கைமேல் கையை வைத்தாள்.

கணவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்கூட்டரில் முதுகைத்தான் காட்டினான். இப்போது முழு முகமும் அவள் பக்கம் இருந்தது. அவள் நாற்காலிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“தெரிஞ்சேதான் கேக்கறேங்க” என்றாள் அவனிடம். “எனக்கு அங்க ஒரு வீடு வேணும்.”